மத்தபடி

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. மதுரையில் மெஸ் நடத்துகிற ஒருவர். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் அவரிடம் சமையல் வேலை கேட்டுப் போயிருக்கிறான். உன்னைப் பற்றி விசாரிக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறான். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், தம்பி எதையும் மறைக்காமச் சொல்லிருச்சு, எட்டு வருசம் உள்ள இருந்துட்டு வந்திருக்குன்னு. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா கல்லாவுல எங்க வீட்டுப் பொம்பளைங்க உக்காருறாங்க. அதான் கேக்குறேன், நீங்க பொறுப்பு எடுத்துக்கிறீங்களா?" நான் சொன்ன பதில் இது: "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் நல்ல பையன் சார். மத்தபடி நீங்க பாத்து முடிவு பண்ணிக்கங்க." அவர் "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். அவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பொய் சொல்லவில்லை. அவனைப் பற்றித் தப்பாகவும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் "நல்ல பையன்" என்று முதலில் கொடுத்ததை அடுத்து வந்த "மத்தபடி" திரும்ப வாங்கிக்கொண்டது. அது எனக்கும் தெரியும், போனின் அந்தப் பக்கம் இருந்தவருக்கும் தெரியும். நாளைக்கு ஏதாவது நடந்தால் என்னைத் தேடி வராதீர்கள் என்பதற்கு நம் ஊரில் இருக்கும் மரியாதையான சொல் அதுதான். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது, வாடகைக்கு வருகிறவரைப் பற்றி வீட்டுக்காரர் கேட்கும்போது, எத்தனை முறை அதைச் சொல்லியிருப்போம்! சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னேன். அன்று ராத்திரி வரை அது எனக்கு உறுத்தவே இல்லை. மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது எதிரே வந்தவன், "போன் வந்துச்சாண்ணே?" என்று கேட்டான். வந்தது என்றேன். "ரொம்ப நன்றிண்ணே" என்றான்.

அவனுடைய கதை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. கண்மாய் மடையைத் திறப்பதில் இரண்டு குடும்பங்களுக்குள் தகராறு, கைகலப்பு, கம்பு. ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்களில் இவனும் ஒருவன். அப்போது வயது 22. அதை அவன் என்னிடம் ஒருநாளும் மறுத்ததில்லை. கீழ்க்கோர்ட்டில் ஆயுள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொலை என்ற 302-ஆவது பிரிவை, கொலையாகாத மரணம் என்ற 304 ஆக மாற்றிப் பத்து வருடமாகக் குறைத்தது. ரெமிஷன் என்கிற தண்டனைக் குறைப்பு போக எட்டு வருடத்தில் வெளியே வந்தான். இறந்தவருக்கு இரண்டு குழந்தைகள். அந்தக் குடும்பம் இன்றும் அதே ஊரில் அதே தெருவில் இருக்கிறது. அதனால் இவனால் ஊருக்குத் திரும்ப முடியாது. சிறையிலிருந்து வருகிறவர்களைப் பற்றிப் பேசும்போது "வீடு திரும்புதல்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பல பேருக்குத் திரும்ப வீடு இருக்காது, இருந்தாலும் அங்கே போகக் கூடாது. போகாமலிருப்பதுதான் செத்தவர் வீட்டுக்கு அவன் காட்டக்கூடிய மரியாதை. கேஸ் நடக்கும்போதே பெரியம்மா வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைக்கு வந்து எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியேறிவிட்டார்.

வந்த நாளிலிருந்து மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகத்தான் பெரியம்மா சொன்னார். வாரம் ஒருநாள் காலையிலேயே பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு புது ஜெயில் ரோட்டுச் சிறைக்கு மனு பார்க்க, அதாவது மகனைப் பார்க்கப் போவார். தெருவுக்கே தெரியும். ஆனாலும் எல்லாரும் "திருப்பூர்ல தம்பி எப்படி இருக்கு, லீவு குடுக்கலையா?" என்றுதான் கேட்பார்கள். எட்டு வருடம் ஒருவர்கூட அந்தப் பொய்யை உடைக்கவில்லை. எங்கள் தெருவைப் பற்றி எனக்குப் பெருமை என்றால் இதுதான். அந்த அம்மா தலைநிமிர்ந்து தண்ணீர் பிடிக்க அது போதுமானதாக இருந்தது. ஆனால் மகன் வந்து நின்றபோது அதே பொய் அவன் காலைச் சுற்றியது. பனியன் கம்பெனியில் எட்டு வருடம் இருந்தவனுக்குத் தையல் மெஷினில் நூல் கோக்கத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது சமையல், சிறைச் சமையல்கட்டில் கற்றது. அதை எங்கே கற்றாய் என்று கேட்டால் சொல்ல வழியில்லை.

முதல் மாதம் வீட்டில் அவன்தான் சமைத்தான். மூன்று பேருக்கு ரசம் வைக்க அவனுக்குக் கை வரவில்லை. உப்பைப் படிக்கணக்கில் போட்டுப் பழகிய கை. ஒரு நாள் சாம்பார் வைத்துவிட்டு ஆறு வீட்டுக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார்கள். மாலை ஐந்தரைக்கே சாப்பிட்டு முடித்துவிடுவான். உள்ளே லாக்கப் ஆகும் முன் சாப்பாடு கொடுத்துவிடுவதால் வந்த பழக்கம். அப்புறம் காகிதங்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லை. ஆதாரில் இருந்த போன் நம்பர் என்றைக்கோ யாருக்கோ போய்விட்டது. அது இல்லாமல் வங்கிக் கணக்கைத் திறக்க முடியவில்லை. கணக்கு இல்லாமல் ஜிபே இல்லை. இதெல்லாம் அலைந்தால் முடிகிற காரியங்கள். மூன்று மாதத்தில் முடித்தான். முடியாதது வேலைதான்.

செக்கு தெரியும், அதற்கு அப்புறம்?

கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கைப் பற்றித் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. 1908-ல் நாற்பது வருடத் தண்டனை, அப்புறம் அது ஆறு வருடமாகக் குறைந்தது, கோவையும் கண்ணனூரும். பாடப்புத்தகம் அநேகமாக அங்கேயே நின்றுவிடும். எனக்கு இப்போதெல்லாம் 1912 டிசம்பருக்குப் பிந்தைய வ.உ.சி.தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். கப்பல் விட்டபோது கூடிய கூட்டம் சிறை வாசலில் இல்லை. சுப்பிரமணிய சிவா மட்டும் காத்திருந்ததாகச் சொல்வார்கள். வக்கீல் சன்னதைப் பறித்துவிட்டார்கள், கம்பெனி போய்விட்டது, குடும்பத்தோடு சென்னையில் வறுமை. அரிசிக் கடை, நெய் வியாபாரம் என்று எதெதையோ செய்து பார்த்தார். தேசத்துக்காகச் சிறை போனவருக்கே ஊர் அவ்வளவுதான் செய்தது. பிறகு ஈ.எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். மறுபடியும் கறுப்புக் கோட்டு போட்டார், கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடினார். அந்த நன்றிக்காகத் தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையனுக்கு எதிராகக் கப்பல் விட்ட மனிதர், ஒரு வெள்ளைக்காரர் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்! பழைய வேலையைத் திரும்பக் கொடுத்தவரை அந்த அளவுக்கு மதித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

எதிர்வீட்டுத் தம்பியையும் வ.உ.சி.யையும் ஒன்றாக வைக்கவில்லை. ஒருவர் செய்தது தியாகம், மற்றவன் செய்தது குற்றம். ஆனால் வாசலைத் தாண்டி வந்த மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: தெரிந்த வேலையைச் செய்ய ஒருவர் இடம் கொடுக்க வேண்டும்.

விடுதலையானவர்களுக்கான உதவிச் சங்கம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே நம் மாநிலத்தில் இருக்கிறது. சுயதொழிலுக்கு உதவி செய்கிறார்கள். சிறைத்துறையிலேயே நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேட்டில் விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்புக்கென்று தனி அத்தியாயமே உண்டு. உள்ளே தொழில் கற்றுத் தருகிறார்கள். சிறை அங்காடியில் முறுக்கும் ரொட்டியும் வாங்க வரிசை நிற்கிறது. புழல், வேலூர், கோவை, திருச்சி, பாளையங்கோட்டை என்று சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் பங்க்குகள் இருக்கின்றன. 2023-ல் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க்கும் வந்துவிட்டது. அங்கே வண்டியை நிறுத்தி நம்பிக்கையாக டேங்க் நிரப்புகிறோம், அளவு சரியாக இருக்கும் என்று நண்பர்களுக்கும் சொல்கிறோம். தண்டனை முடிந்து, அதே கை நம் கடையில் வேலை கேட்டு வரும்போதுதான் பயம் வருகிறது. உள்ளே இருக்கும்போது அவனுக்கு அரசாங்கம் பொறுப்பு; வெளியே வந்தபின் யார் பொறுப்பு என்று தெரியவில்லை. அந்த மெஸ்காரர் கேட்டதும் அதைத்தான். அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பிரிட்டனில் 1974-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். தண்டனை முடிந்து குறிப்பிட்ட வருடங்கள் ஒழுங்காக இருந்தால், பல குற்றங்கள் கழிந்துபோனதாகக் கணக்கு. பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தில், சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவர்களுக்கு மட்டும் அதுபோல ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உள்ளே போய் முழுத் தண்டனையையும் அனுபவித்து வந்தவருக்கு அப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. அவன் வேலை கேட்டுப் போன ஒரு இடத்தில் எந்த ஜெயில் என்று கேட்பதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டிருக்கிறார்கள். சிறைக்குள் யார் சமைப்பது, யார் கூட்டுவது என்பதைச் சாதி பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அவனிடம் செய்தித்தாளைக் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "இது வெளியிலயும் உண்டாண்ணே?" என்று கேட்டான்.

வீட்டு வரி ரசீது

மெஸ் வேலை கிடைக்காமல் போய் ஒரு மாதம் இருக்கும். பெரியம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் மனைவியிடம் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்தேன். கேஸ் ஆரம்பித்த புதிதில் ஜாமீன் எடுத்த கதை. கோர்ட்டில் இரண்டு பேர் ஜாமீன்தாரர் வேண்டும் என்றார்கள். சொந்தபந்தம் எல்லாம் ஒதுங்கிக்கொண்டது. பெரியம்மாவின் சின்ன மாமா ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், வீட்டு வரி ரசீதையும் ரேஷன் கார்டையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து கைநாட்டு வைத்திருக்கிறார். "இவன் ஓடிட்டா வீட்டை ஜப்தி பண்ணிருவாங்கன்னு குமாஸ்தா சொன்னாரு. 'பண்ணுனா பண்ணிட்டுப் போறான்'னு சொல்லிட்டு வச்சாரு தாயி. அவரு இருந்தது ஒரே ஒரு ஓட்டு வீடு." பெரியம்மா இதை என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மெஸ்காரரிடம் நான் என்ன சொன்னேன் என்பதே அவருக்குத் தெரியாது.

எனக்குத்தான் உட்கார முடியவில்லை. அந்தக் கிழவர் கைநாட்டு வைத்தபோது இவன் என்ன செய்தான், எவ்வளவு செய்தான் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ரத்தச் சூடு ஆறாத நேரம். இவன் வாய்தாவுக்கு வருவானா, ஊரைவிட்டு ஓடுவானா, எதுவும் தெரியாது. ஆனாலும் தன் ஒரே வீட்டை வைத்தார். நான் கேட்கப்பட்டபோது எல்லாம் தெரிந்திருந்தது. குற்றம் என்ன என்று தெரியும், தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டான் என்று தெரியும். வெளியே வந்த இத்தனை மாதத்தில் அவன் ஒரு பீடிகூடத் தெருவில் குடித்ததில்லை என்று தெரியும். என்னிடம் யாரும் வீட்டுப் பத்திரம் கேட்கவில்லை. ஒரு "ஆமா" கேட்டார்கள். விசாரணை நடக்கும்போது ஜாமீன்தாரர் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. தண்டனை முடிந்தபின் சட்டம் யாரையும் கேட்பதில்லை, போகலாம் என்கிறது. அப்புறம் வாடகைக்கு வீடு கேட்டால், வேலை கேட்டால், தங்கச்சிக்கு வரன் பார்த்தால், ஒவ்வொரு வாசலிலும் ஜாமீன்தாரர் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க ஆள் இருப்பதில்லை. நான் அந்த இடத்தில் இருந்தேன், நிற்கவில்லை.

எத்தனை பேருக்கு உலை?

மறுநாளே அவனைக் கூட்டிக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு சமையல் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனேன். கல்யாணம், காதுகுத்து, வசந்த விழா என்று ஓயாமல் வேலை உள்ளவர். அவனைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் பேசலாம் என்று நினைத்தேன். அப்புறம் அதுவும் சரியில்லை என்று பட்டது. அவனையும் வைத்துக்கொண்டே சொன்னேன்: ஊர்ச் சண்டையில் ஒரு ஆள் இறந்துபோனார், இவனும் அதில் இருந்தான், எட்டு வருடம் சிறையில் இருந்தான், அங்கேதான் சமையல் கற்றான், இவனுக்கு நான் பொறுப்பு, பணமோ பண்டமோ நடத்தையோ எது குறைந்தாலும் என் வீட்டுக்கு வாருங்கள். சொல்லும்போது தொண்டை அடைத்தது. ஒருவருக்காக நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. காண்ட்ராக்டர் என்னைப் பார்க்கவேயில்லை. அவனிடம் திரும்பி, "எத்தனை பேருக்கு உலை வைப்ப?" என்று கேட்டார். "ஆயிரம் பேருக்கு வச்சிருக்கேண்ணே." "அரிசி எத்தனை மூடை?" அவன் சொன்னான். பருப்பு, புளி, விறகு என்று கேட்டுக்கொண்டே போனார். அவன் சொல்லிக்கொண்டே வந்தான். இடையில் ஒரு கணக்கில் அவர் தப்பாக இருக்கிறதே என்றார். இவன் விட்டுக்கொடுக்காமல் காரணம் சொன்னான். அவன் ஒருவரிடம் எதிர்த்துப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு வரச் சொன்னார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். போன வருடம் திருவிழாவுக்கு முன்பு ஒரு காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அமைதியாக இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான பிரிவு புதுச் சட்டத்தில் 126 ஆகிவிட்டது, ஸ்டேஷனில் இன்னும் எல்லாரும் பழைய 107 என்றுதான் சொல்கிறார்கள். வெளியே வந்தபின் அவன் மேல் ஒரு புகார் கிடையாது. ஆனாலும் பழைய பட்டியலில் பெயர் இருக்கிறது. அன்று இரண்டு முகூர்த்தம். இரண்டையும் விட்டுவிட்டு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஜாமீன் கையெழுத்துக்கு நான் போனேன். இந்த முறை என் கையிலும் வீட்டு வரி ரசீது இருந்தது. காண்ட்ராக்டர் எனக்குப் போன் செய்து திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது, "தம்பி சாப்டுச்சா?"

உழைக்கிற கூலியில் ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகும் என்பது சிறையில் விதி. "அது அவங்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு யாருட்டண்ணே கேக்குறது?" என்று ஒருநாள் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இறந்தவரின் மூத்த பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான் என்று யாரோ சொன்னதை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டான்.

கடைசிப் பக்கம்

மூன்று வாரம் முன்பு காண்ட்ராக்டரே கூப்பிட்டார். "சார், அங்கிருந்து வந்தவங்க வேற யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. பாத்திரம் கழுவ, பந்தி பரிமாற ஆள் இல்லாமத் தவிக்கிறேன். நீங்க சொன்னாப் போதும்." சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் வாயில் முதலில் வந்தது அதே சொல்தான். எதிர்வீட்டுத் தம்பியை நான் பார்த்துக்கொண்டே இருந்தவன், அதனால் சொன்னேன், மத்தபடி... சொல்லாமல் விழுங்கிக்கொண்டு, பார்க்கிறேன் என்றேன்.

தம்பி ஒருவரைச் சொன்னான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடையில் சந்தித்தோம். நாற்பது வயதிருக்கும். அவர் தண்டனைக் கைதியே இல்லை. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் நாலு வருடம் விசாரணைக் கைதியாக இருந்து, கடைசியில் விடுதலை ஆனவர். 2022 முடிவில் நாடு முழுக்கச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. நூறில் எழுபத்தைந்துக்கு மேல். அந்த எண் எனக்குத் தெரியும். அதில் ஒருவரோடு உட்கார்ந்து டீ குடித்தது அன்றுதான். தண்டனை பெற்றவனுக்காவது விடுதலைத் தேதி முன்கூட்டித் தெரியும், கையில் கொஞ்சம் கூலி இருக்கும், ஒரு தொழில் கற்றிருப்பான். இவருக்கு எதுவும் இல்லை. ஒருநாள் மாலை வெளியே விட்டார்கள்.

பிளாஸ்டிக் கவரிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கே வேலை கேட்டுப் போனாலும் அதை எடுத்துக்கொண்டு போகிறாராம். மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் ஒரு வரியில் விரலை வைத்தார். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து அவரை விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது. கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். "இதைப் படிச்சிட்டு, சந்தேகம்னுதானப்பா போட்டிருக்குன்னு கேக்குறாங்க சார்," என்றார். "இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிவிட்டது. அப்புறம் போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன்.